தக்கலையில் இருந்துகொண்டு லிட்டர் பைக் ஓட்ட முடியுமா?

கேட்டவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், வீடு தக்கலைப் பக்கம், ஊரில் ஒரு கேடிஎம் டியூக் 250 பைக் நிற்கிறது, அடுத்த வருடம் ஊரோடு வந்துவிடப் போகிறார். ஒரு ஆயிரம் சிசி ஸ்போர்ட் பைக், அதாவது லிட்டர் பைக், எடுக்க ஆசை. நம் குமரி மாவட்டத்தில் அதை ஓட்ட முடியுமா, ஓட்டினால் உண்மையில் எப்படி இருக்கும், எவ்வளவு செலவாகும் என்பது கேள்வி. நான் நாகர்கோவிலில் கவாசாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் வைத்திருக்கிறேன், 2021-இல் முகம் மாறி வந்த மாடல். விளம்பரத்தில் சொல்வதையும் வீடியோவில் கத்துவதையும் விட்டுவிட்டு, இங்கே வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற வண்டி வேறு, தக்கலை ஜங்ஷனில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போகிற வண்டி வேறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு, இதைப் புரிந்துகொண்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். 998 சிசி, நாலு சிலிண்டர், 203 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, எடை பெட்ரோல் ஆயில் எல்லாம் சேர்த்து 207 கிலோ. உங்கள் டியூக் 30 பிஎஸ் சொச்சம், 163 கிலோ. எடை 44 கிலோதான் கூடுகிறது, சக்தி ஆறு மடங்குக்கு மேல். இந்த வண்டி முதல் கியரில் 7,000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தொடும்போதே 80 கிமீ வேகத்துக்கு வந்துவிடும். நாலுவழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்சவரம்பே அந்த 80தான். அப்போது முதல் கியரிலேயே இன்னும் கிட்டத்தட்ட அதே அளவு ஆர்பிஎம் மிச்சம் இருக்கும், முழுக்க இழுத்தால் முதல் கியரே 150-க்குக் கொண்டுபோகும். மேலே இன்னும் ஐந்து கியர் இருக்கிறது. அவற்றை வைத்து நம் மாவட்டத்தில் என்ன செய்வது என்று கேட்டால், ஆறாவதில் போட்டுவிட்டு 4,500 ஆர்பிஎம்மில் 100-ஐப் பிடித்துக்கொண்டு அமைதியாகப் போகலாம், அவ்வளவுதான்.

இதே கியர் கணக்கின் மறுபக்கம்தான் நம் ஊரில் தினமும் கையைப் பிடித்துத் திருகுவது. முதல் கியர் அவ்வளவு நீளம் என்பதால் கிளட்சை முழுக்க விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டாலே வண்டி 13 கிமீ வேகத்தில் ஓடும். அதைவிட மெதுவாகப் போக வேண்டும் என்றால் கிளட்ச் பாதி பிடியில் இருந்தாக வேண்டும். தக்கலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு, முன்னால் மினி பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, பின்னால் ஹாரன், எல்லாரும் போகிற வேகம் எட்டு ஒன்பது. இடது கை நாலு விரலும் கிளட்ச் நெம்புகோலில், வலது கை ஒரு நூல் அளவு திறப்பதும் மூடுவதுமாக, உடம்பின் எடை முழுக்க மணிக்கட்டில். அழகியமண்டபம் தாண்டுவதற்குள் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை வலிக்க ஆரம்பிக்கும். அப்புறம் சூடு. ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியதும் ஃப்ரேமின் இரண்டு பக்கத்திலிருந்தும் தொடைக்கு வருகிற காற்று, ஜீன்ஸ் போட்டிருந்தாலும் தோல் சிவந்துவிடும். இது இந்த ஒரு வண்டியின் குறை என்று சொல்ல மாட்டேன், 200 பிஎஸ் எடுக்கிற எந்த வண்டியும் நின்றால் இப்படித்தான், அது காற்றில் ஓடிக் குளிர்வதற்காகச் செய்த பொருள்.

நம் மாவட்டத்தின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பிலேயே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ஊர் முடிந்து ஊர் தொடங்குகிற இடம் என்று ஒன்று கண்ணில் படாது, வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில், குருசடி, மறுபடி வீடு. கேரளப் பக்கத்துக் காரோடு ஊரிலிருந்து வருகிற நாலுவழிச் சாலை வேலை வருடக்கணக்காக நடக்கிறது. அதனால் தக்கலையில் வண்டியை எடுத்தால் நாகர்கோவில் கடந்து ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய்ச் சேரும்வரை, ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்கு மேல், நீங்கள் ஓட்டப்போவது முதல் இரண்டு கியர்தான், எப்போதாவது மூன்றாவது.

வெளியே காட்டாத இன்னொரு அவஸ்தை, திருப்புவது. ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் திரும்பும், டியூக்கில் ஒரே வீச்சில் எடுக்கிற யூ டர்ன் இதில் மூன்று தடவை முன்னும் பின்னும் காலால் தள்ளி எடுக்க வேண்டும். சீட் உயரம் 835 மில்லிமீட்டர், நான் ஐந்தடி ஏழு அங்குலம், இரண்டு காலும் முன்பாதம்தான் தரையில். வடசேரிச் சந்துக்குள் சரிவில் நின்றுகொண்டு 207 கிலோவைப் பின்னால் தள்ள வேண்டி வந்தால் யாராவது 'அண்ணே, பிடிக்கவா' என்று கேட்பார்கள், வெட்கப்படாமல் 'பிடிங்க' என்று சொல்லிவிடுங்கள்.

சரி, இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்பீர்கள்.

அதிகாலை ஐந்தரைக்கு எடுங்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு வருகிற வண்டிகளைத் தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் போகும்போது சாலை விரியும், மலை இடது பக்கம் நெருங்கி வரும். அங்கேதான் இந்த வண்டி முதல் தடவையாக வாயைத் திறக்கும். 6,000 வரை சாதுவாக, மின்சார மோட்டார் மாதிரி ஒரே சீராக ஓடுவது 8,000 நெருங்கும்போது சத்தம் கனத்திலிருந்து கூர்மைக்கு மாறும், டாங்க்கின் மேல் படுகிற நெஞ்சில் ஒரு நடுக்கம் தெரியும், இரண்டாவது கியரில் அது 10,000 தொடும்போது வேகம் 130-ஐத் தாண்டியிருக்கும், கண் தூரத்தில் ஒரே புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பது எதுவும் மனசில் பதியாது. இந்தக் கடைசிப் பாதியை நான் சாலையில் தேடுவதில்லை. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர், சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர். டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடுகிற நாள், நடக்கும்போது பணம் கட்டினால் யாரும் ஓட்டலாம். 10,000-க்கு மேல் இந்த எஞ்சின் என்ன பேசுகிறது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓட எடுக்கிற நேரத்துக்குள் இது நாற்பது மீட்டர் போயிருக்கும்.

நான் இந்த வண்டிக்குப் பணம் கொடுத்தது எதற்கு என்று இப்போது கேட்டால் எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். முன்சக்கரம். மலிவான வண்டிகளில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தோராயமாகத்தான் தெரியும். இதில் தார் மாறுவது, ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பு, ஈரத்தின் தொடக்கம், எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும், கண் பார்ப்பதற்கு முன்னாலேயே சில சமயம். முன்னால் 330 மில்லிமீட்டர் டிஸ்க் இரண்டு, பிரெம்போ கேலிப்பர். பிரேக்கில் இரண்டு விரல் வைத்தால் போதும், ஆனால் அந்த இரண்டு விரலுக்கு நீங்கள் கொடுக்கிற அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் நிற்கும், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வில்லுக்குறிப் பக்கம் அரசு பஸ் கையைக் கூடக் காட்டாமல் நடுரோட்டில் நிற்கிறது என்று வையுங்கள் (வைக்கவே வேண்டாம், நிற்கும்). முழங்கால் இரண்டாலும் டாங்க்கை இறுக்கி, கையைத் தளர்த்தி, முதலில் மெல்லத் தொட்டு முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் குழாய்கள்) அமுங்கியதும் இறுக்கினால், பின்சக்கரம் லேசாகிற உணர்வு இடுப்பில் தெரியும், ஆனால் வண்டி கோடு மாறாது. முன்ஃபோர்க் அமுங்குவதற்கு முன்னாலேயே ஒரே அழுத்தாக அழுத்தினால் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ்தான் உங்களைக் காப்பாற்றும். இந்த வரிசையை காலியான இடத்தில் திரும்பத் திரும்பப் பழகுங்கள், 30-இல் தொடங்கி. லிட்டர் பைக் எடுக்கிறவர்கள் வேகம் எடுக்கப் பழகுகிறார்கள், நிறுத்தப் பழகுவதில்லை.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயம், காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் ஆரல்வாய்மொழிக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்த மலை இடுக்கு வழியாக அடித்துத் தள்ளுகிறது, முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி இறங்குகிற நாலுவழிச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து, அதாவது நேரே விலாவில். இந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் முழுக்க ஃபேரிங் (எஞ்சினை மூடுகிற பிளாஸ்டிக் உறை), டியூக்குக்கு அப்படி இல்லை, ஆகவே அதே காற்றுக்கு இது அதிகம் அசையும். தெற்கே போகும்போது ஒரு பஸ்ஸை வலது பக்கமாக முந்தினால் காற்று உங்களை பஸ்ஸை நோக்கித் தள்ளும். திரும்பி வடக்கே வரும்போது கதை தலைகீழ்: காற்று இடது பக்கம், நீங்கள் அதற்குச் சாய்ந்து கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பஸ்ஸின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்று வண்டி பஸ் பக்கம் இழுக்கும், பஸ்ஸின் மூக்கைத் தாண்டியதும் முழுக் காற்றும் ஒரே அறையாக வந்து மீடியன் பக்கம் தள்ளும். இரண்டு தள்ளலும் சில நொடிக்குள். ஆகவே ஆடி மாதத்தில் முந்தும்போது பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவே முழு ஒரு வண்டி அகலம் விடுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. இறுக்கினால் உங்கள் தோள் ஆடுவது அப்படியே முன்சக்கரத்துக்குப் போகும். முழங்காலால் பிடி, முழங்கையை மடக்கு, கொஞ்சம் குனி. இந்த வண்டியில் ஹேண்டில் உதறுவதை அடக்குகிற எலக்ட்ரானிக் ஸ்டியரிங் டேம்பர் கம்பெனியிலிருந்தே வருகிறது, உதவுகிறது, ஆனால் காற்றை அது நிறுத்தாது.

மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் நம்முடையது, மழை நாளில் எடுக்க மாட்டேன் என்று சபதம் போட்டால் வருடத்தில் பாதி வண்டி உறையைப் போட்டுக்கொண்டு நிற்கும். ரெயின் மோட் என்று ஒன்று உண்டு, சக்தியைக் குறைத்து, பின்சக்கரம் வழுக்காமல் பார்க்கிற டிராக்ஷன் கன்ட்ரோலைக் கூட்டிவிடும், சாதாரண ஈரத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கும் மேலே முக்கியம் டயர். புதுசில் வருகிற ஒட்டும் டயர் சூடேறினால்தான் பிடிக்கும், நம் வேகத்தில், நம் நிழலில், அது சூடேறுவதே இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை சாலைகளில் இரண்டு பக்கமும் ரப்பர், வெயில் தரையில் விழாது, ஓரத்தில் பாசி படிந்திருக்கும், டிசம்பர் ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து வளைவில் மெத்தையாகக் கிடக்கும், அதன் மேல் ஒரு தூறல் விழுந்தால் கேட்க வேண்டாம். நான் இரண்டாம் செட்டாக மிஷெலின் ரோடு 6 போட்டேன், ஸ்போர்ட் டூரிங் வகை. டிராக்குக்குப் போகாத வரை இதுதான் நம் ஊருக்குச் சரி, ஆயுளும் அதிகம். காற்றழுத்தம் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ, கையோடு ஒரு நல்ல கேஜ் வைத்துக்கொள்ளுங்கள், பங்க்கில் இருக்கிறதை நம்பாதீர்கள்.

கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகிற டாரஸ் லாரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், ஆனால் அவை வளைவில் சிந்திவிட்டுப் போகிற ஜல்லிப் பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைவின் வெளி ஓரத்தில்தான் அது சேரும். சாய்ந்து போகிற வண்டிக்கு அந்த ஓரம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், வேகம் குறைத்து உள்ளே நில்லுங்கள். டாரஸின் பின்னால் ஒட்டிப் போனால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டில் கல் அடிக்கும், ஒரு கம்பிவலை கார்டு உடனே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

முட்டம், குளச்சல் கடலோரச் சாலையில் ஒரு மாலை போய்வந்தாலே உப்பு படியும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. போல்ட் தலை, ஃபோர்க் குழாய், செயின், மூன்றையும் பாருங்கள். சொத்தவிளை மாதிரி மணலில் நிறுத்தும்போது சைட் ஸ்டாண்டின் முனை புதையும், லேத்தில் சொல்லி உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி பையில் வைத்திருக்கிறேன், வெயிலில் இளகிய தாருக்கும் அதுதான்.

பின்னால் ஆள் ஏற்றுவது பற்றி: சீட் என்று ஒன்று இருக்கிறது. என் மனைவி ஒரு தடவை ஏறினாள், அப்புறம் ஸ்கூட்டர் வாங்கினோம்.

செலவு. இந்த மாடல் 2021-இல் வரும்போது எக்ஸ் ஷோரூம் 14.99 லட்சம், அதன் பிறகு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்தைத் தாண்டிய இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அதுவே இரண்டு லட்சம் வாக்கில் வந்து நிற்கும். அப்புறம் இன்ஷூரன்ஸ், ரைடிங் ஜாக்கெட், கையுறை, பூட், நல்ல ஹெல்மெட். இந்தக் கடைசி நாலுக்கும் வண்டி வாங்கும்முன்பே பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தில் வண்டி. மைலேஜ் 15 பக்கம், டாங்க் 17 லிட்டர். பின்டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும், அது சின்னச் செலவு இல்லை. ஷோரூம் சர்வீஸுக்கு நான் மாவட்டம் தாண்டித்தான் போகிறேன், ஒரு நாள் அதற்கே போய்விடும். ஆயில் மாற்றுவது, செயின், பிரேக் பேட் இதெல்லாம் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டால் நல்லது, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்டும், போல்ட்டை அளவாக முறுக்குகிற டார்க் ரெஞ்சும் வாங்கினால் போதும்.

பழைய வண்டி எடுக்கிற யோசனை இருந்தால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேஎல் நம்பரில் நிறையக் கிடைக்கும், விலையும் இழுக்கும். என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே டிஎன் 75-க்கோ (மார்த்தாண்டம்) 74-க்கோ (நாகர்கோவில்) மாற்ற வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கேஎல் நம்பரிலேயே இங்கே வைத்து ஓட்ட முடியாது. அந்த வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். டிராக்கில் ஓடிய வண்டியா என்று கிளட்ச், முன்ஃபோர்க், ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கிற ஃப்ரேமின் ஸ்டியரிங் ஸ்டாப்பர் மூன்றையும் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். விழுந்த வண்டியில் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கும், பெயின்ட் அடித்தாலும் வடிவம் திரும்பாது. சைலன்ஸரை மாற்றி வைத்திருந்தால் பழையதையும் கேட்டு வாங்குங்கள், சத்தத்துக்கு நம் ஊரில் நிறுத்தாத போலீஸ் கிடையாது, நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

கடைசியாக உங்களுக்கு நான் என்ன சொல்வேன் என்றால், டியூக்கிலிருந்து நேரே இதற்குத் தாவ வேண்டாம். நீங்கள் ஓட்டப்போவது தக்கலை, திருவட்டாறு, குலசேகரம், ஞாயிறு காலை காவல்கிணறு. அதற்கு 636 சிசி இசட்எக்ஸ்-6ஆர் அல்லது ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் டிரிப்பிள் 765 தாராளம். இரண்டுக்கும் முன்சக்கரம் நான் சொன்ன மாதிரியே பேசும், சக்தியும் 120-130 பிஎஸ் என்பதால் கொஞ்சமாவது கியரைப் போட்டு எஞ்சினை முழுக்கக் கேட்க முடியும். ஸ்ட்ரீட் டிரிப்பிளில் ஹேண்டில் உயரம், தக்கலை ஜங்ஷனில் மணிக்கட்டு உங்களை வாழ்த்தும். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் அது என்னை விட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். இல்லை, எனக்கு லிட்டர்தான் வேண்டும், சின்ன வயசிலிருந்து சுவரில் ஒட்டிவைத்த படம் அது என்றால், அதுவும் ஒரு காரணம்தான், நானும் அப்படித்தான் எடுத்தேன். எடுத்ததும் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கிற பவர் மோடை லோவில் வைத்து முதல் மழைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். லோவிலேயே அது உங்கள் டியூக்கைப்போல மூன்று நாலு மடங்கு.

லீவில் வரும்போது சொல்லுங்கள், ஒரு ஞாயிறு காலை பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே நிற்கிறேன். உட்கார்ந்து பாருங்கள், காலால் தள்ளி ஒரு யூ டர்ன் எடுத்துப் பாருங்கள், பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுச் சூட்டையும் பாருங்கள். ஓட்டுவதற்குச் சாவி கேட்டால் மட்டும் தர மாட்டேன்.